மணலுக்குப் போய்ச் சேராத சேதி

அடியே,

இன்றைக்குக் காலையில் என் கடைக்கு எதிரே, பைபாஸ் ஓரத்தில், ஒரு தோல் லாரி பஞ்சராகி நின்றுவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் உப்புப் போட்ட பச்சைத் தோல். ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்ததுகள், என்னமோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியது மாதிரி. நான் பொத்தவில்லை. அந்த நாற்றத்துக்குள் ஒரு பகல் அடைந்து கிடந்தவள் நான். அது வந்தால் முதலில் நீ வருகிறாய், உன் பின்னாலேயே அவன் வருகிறான்.

அவன் பேரை இதில் எழுத மாட்டேன். கம்பெனியில் நாம் எல்லோரும் அவனை 'டைம் ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வருகைப் பதிவு அவன் கையில் இருந்ததால் அந்தப் பேர். அதுவே அவனுக்கு ஜாஸ்தி.

லாரியைப் பார்த்துக்கொண்டே ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். இன்றைக்கு உன் நாள். ஆற்று மணலில் மேடை போட்டு, மைக் கட்டி, உன் போட்டோவுக்கு மாலை போடுகிற நாள். வருஷா வருஷம் போவேன். ஓரமாக நின்று பூப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிவிடுவேன். இந்த வருஷம் வேறு வேலையாகப் போனேன். அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உனக்குத் தெரியாமலே போன ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் சொன்னால்தான் இன்றைக்கு நடந்தது உனக்கு விளங்கும்.

நீ மூன்றாவது லைனில் ஷூவுக்கு அப்பர் தோல் தைத்தாய். நான் வாசலில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டி, "இன்னாடி ஹலோ, ஜெர்மனிக்காரன் இன்னா சொல்றான்? இந்த மாசமாவது சிரிச்சானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாய். என்னை 'ஹலோ' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீ. உனக்குப் பிறகு யாராவது போனில் ஹலோ என்றாலே சுருக்கென்று இருக்கும். அதே தொழிலில் இருந்துகொண்டு எப்படித் தப்பிப்பது?

என் அம்மா எல்லைக்கு மேல்பக்கம் பிறந்தவள். அதனால் எனக்குத் தெலுங்கும் வரும். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே பாலாற்று அணையில் லஸ்கர். கேட்டைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீயும் வந்துவிடுவாய், அவரைச் சீண்டுவதற்கென்றே. "மாமா, எல்லாத் தண்ணியும் நீங்களே வச்சினு இருக்கீங்களே, அடுத்த தபா வரும்போது ஒரு சொம்பு ஆறு எடுத்துனு வாங்க" என்பாய். அவர் தன் தெலுங்குத் தமிழில் "சொம்பு போதாதும்மா, அண்டா கொண்டா" என்பார். அதிலிருந்து அவருக்கு நீ 'சொம்புப் பொண்ணு'.

நீயும் நானும் பாலாற்றில் தண்ணீரைப் பார்த்ததே கிடையாது. நமக்கு ஆறு என்றால் மணல், சீமை முள், கிரிக்கெட், குறுக்கே போகிற மாட்டு வண்டி, கரையோரம் டேனரிக் கழிவு. நாம் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை வந்ததாம். ஊரே மஞ்சள், குங்குமம், கற்பூரத்தோடு இறங்கிப் போய் வரவேற்றதாம். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட வேண்டுமாம், வருவது அம்மன் அல்லவா. உன் அம்மா அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். நான் சர்ச்சுக்குப் போகிறவள், சிரித்துவிட்டேன். "சிரி சிரி. தண்ணி வர்ற அன்னிக்கு உன்னையும் இழுத்துனுதான் போவேன்" என்றாய்.

பிறகு மேல்பக்கத்துக்காரர்கள் அணைச் சுவரை இன்னும் உயர்த்தினார்கள். நம் பக்கம் போர்வெல்கள் காற்று இறைத்தன. முதலில் மறியல், அப்புறம் எல்லையில் லாரி எரிப்பு. நம் ஆட்கள் அவர்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள், அவர்கள் ஆட்கள் நம் பாலத்துக்கு வெடி வைத்தார்கள். இரண்டு பக்கத்துப் போலீசும் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தது. தடுக்க வேண்டியவர்கள் எல்லாம் பேச்சுவார்த்தை என்று சொல்லி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் இல்லாமல் கம்பெனியை மூடினார்கள். அப்போதுதான் டைம் ஆபீஸ் தலைவனானான். பழைய பாலத்துக்குக் கீழே ஆற்று மணலில் பந்தல் போட்டு, 'ஆற்றைக் காக்கும் முகாம்' என்று பலகை வைத்தான். அங்கிருந்து அணைவரை நடந்துபோய் உடைக்கப் போவதாகப் பேச்சு. தினமும் காலையில் நம் கம்பெனி ரெஜிஸ்டரை மணலுக்கே கொண்டுவந்து பேர் கூப்பிட்டான். வராதவர்களுக்கு ஆப்சென்ட். கம்பெனி திறக்கும்போது வேலை இருக்காது. வயிற்றுக்குப் பயந்துதான் பாதிப் பேர் அந்த மணலில் உட்கார்ந்தீர்கள். அதை இன்றைக்கு எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

"வர்ற தண்ணியில நம்ம கம்பெனி சாயத்ததான் கலக்கப் போறோம். அதுக்கா இவ்ளோ ரகளை?" என்று நீ என்னிடம் கேட்டாய். கேட்டுவிட்டு முகாமுக்குச் சோறு வடிக்கப் போனாய். என்னை மட்டும் கம்பெனியில் போர்டில் உட்கார வைத்திருந்தார்கள், வெளிநாட்டு போன் வந்தால் சமாளிக்க.

அன்று காலையில் வந்தது வெளிநாட்டு போன் இல்லை. மாமா. தபால் ஆபீசிலிருந்து மூச்சு வாங்கப் பேசினார். கேட் எல்லாவற்றையும் தூக்கச் சொல்லி உத்தரவாம். துப்பாக்கிக்காரர்கள் அவரைக் கூட்டிப்போக வந்துகொண்டிருக்கிறார்களாம். "மத்தியானத்துக்குள்ள உங்க மணலுக்கு வந்துடும் அம்மாயி. ஒருத்தர் விடாம மேல ஏத்திடு" என்று தெலுங்கில் சொன்னார். உனக்கென்று தனியாக ஒரு வார்த்தையும் சொன்னார். அது என்னிடம்தான் இருக்கிறது. கடைசியில் தருகிறேன்.

நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கம்பெனி வாசலிலேயே டைம் ஆபீஸ் ஜீப்போடு நின்றிருந்தான். மைக் அவனுடையது, ஆட்கள் அவனுடையவர்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் மணல் காலியாகிவிடும். அதனால்தான் அவனிடம் சொன்னேன்.

"சார், என் மாமா போன் பண்ணாரு. அணை கேட்ட தூக்கறாங்களாம். தண்ணி வருது சார்."

அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. "உன் மாமா அங்க லஸ்கரு, நீ இங்க போன்ல. நல்லாத்தான் செட்டப் பண்ணி வச்சிருக்காங்க" என்றான்.

"செட்டப் இல்ல சார், சத்தியமா. ஜனங்கள மேல ஏறச் சொல்லுங்க."

"முகாம் கலைஞ்சா நாளைக்கு எவன் வருவான்? நம்மள கலைக்கத்தான் இந்த போனே." ஜீப் சாவியை விரலில் சுற்றினான். "அப்படியே வந்தாலும் என்ன? வரட்டும். அப்பவாவது நம்ம ஜனத்துக்குச் சொரணை வரட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்ட காது இது. நான் அவனைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடப் பார்த்தேன். அவன் ஆட்கள் இரண்டு பேர் பிடித்து, கரையோரம் இருந்த உப்புத் தோல் கிடங்கில் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். உளவாளியாம். சாயங்காலம் விசாரிப்பார்களாம்.

உள்ளே கூரை வரைக்கும் தோல் அடுக்கு. உப்பு மூட்டைமேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முகாம் தெரியவில்லை, மணலுக்கு இறங்கும் பாதைதான் தெரிந்தது. அவன் ஜீப் அதில் முகாமுக்கு இறங்கிப் போனது. கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். மைக்கில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் கேட்கும்? அப்போது ஒன்றைப் பார்த்தேன். முகாமில் எப்போதும் மணலிலேயே நிற்கும் அவனுடைய ஜீப் பாதையில் ஏறி மேலே வந்தது. கரை உச்சியில், புளியமரத்தடியில் நின்றது. அவனே ஓட்டி வந்தான். இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, நம் ஊர்ப் பக்கம் பார்க்காமல் ஆறு வளையும் மேற்குப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் நம்பினான்டி. ஜீப்பை ஏற்றினான், உங்களை ஏற்றவில்லை.

மத்தியானம் விசில் சத்தம் கேட்டது. கைதட்டல். "பாலாத்துல தண்ணி வருதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். எந்த ஊராக இருந்தாலும் ஆற்றில் வெள்ளம் வந்தால் ஜனங்கள் கரைக்கு ஓடுவார்கள். நம் ஊர் ஜனங்கள் கரையிலிருந்து ஆற்றுக்கு ஓடினார்கள். அந்தப் பாதையில் பெண்கள் மஞ்சளும் கற்பூரமுமாக இறங்கி ஓடியதை நான் ஜன்னலில் பார்த்தேன். "வேணாம், வேணாம்" என்று கத்தினேன். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனாள், நானும் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து. கொல்ல அனுப்பிய தண்ணீருக்குக் கற்பூரம் காட்டினீர்கள்.

மீதியை உன் அம்மா சொல்லித்தான் தெரியும். முதலில் கணுக்கால் அளவுதான் வந்ததாம், நுரையும் சருகுமாக. நீ கரையோரம் ஏறி வந்து செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்தாயாம். திரும்ப இறங்கிப் போய், கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "ம்மா, நம்ம பாலாறு மா!" என்றாயாம். உன் அம்மாவும் இறங்கத்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அது ஆள் உயரமாம்.

உன்னைப் பள்ளிகொண்டா பக்கத்தில் முள்ளில் சிக்கியிருந்தபோது எடுத்தார்கள். ஊருக்கே செருப்பும் ஷூவும் செய்கிற ஊர் நம்முடையது. அன்று சாயங்காலம் கரை முழுக்க ஜோடி ஜோடியாகச் செருப்பு இருந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளக் கால் இல்லை. எனக்குக் கதவைத் திறந்துவிட்டவன் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. உன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டேன். இடது வார் அறுந்து, நீயே கம்பெனி நூலில் தைத்திருந்தாயே, அந்த ஜோடி.

அன்றுவரைக்கும் அடிதடி. அதற்குப் பிறகுதான் சண்டை. டைம் ஆபீஸ் உன் போட்டோவை ஆள் உயரத்துக்கு வரைந்து, கீழே 'முன்னறிவிப்பின்றிக் கொன்றார்கள்' என்று எழுதி வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் வைத்தான். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் நம் பையன்கள் ரத்தம் கொதித்துப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். காட்பாடியில் ரயில் நின்றது. எல்லை மலையில் மாதக்கணக்கில் குண்டு. நம் மூன்றாவது லைன் பெண்கள் ராணுவ பூட்ஸ் தைத்தார்கள். போட்டுக்கொண்டு போனவர்களில் பாதி திரும்பவில்லை. மேல்பக்கத்தில் செத்தவர்களுக்கும் அம்மா இருந்தாள். கடைசியில் சமாதானம் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஆறு இன்றைக்கும் மணல்தான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். திறந்தேன். முதல் வாரமே "போன் வந்தது" என்று நான்கு பேரிடம் சொன்னேன். "யார் பண்ணாங்க?" என்றார்கள். மாமா பேரை எப்படிச் சொல்வேன்? அதற்குள் அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்து என் அம்மா கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு, "உன் மாமா பேரு எனக்குத் தெரியும். நீ பேசினா நான் பேசுவேன். அவர் ஊர்லயே அவரைக் கட்டி வச்சிச் சுடுவாங்க" என்றான். சுட்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் அவர் துரோகி அல்லவா. என் வாய்க்கும் அவன் வாய்க்கும் ஒரே பூட்டு. சாவி மாமா உயிரில் இருந்தது.

சண்டை முடிந்த பிறகும் அந்தப் பக்கம் பழசைக் கிளறித் துரோகிகளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் பொறுத்தேன். அவன் நினைவுக் குழுவுக்குத் தலைவனானான், கார் வாங்கினான், உன் அம்மாவை மேடையில் முதல் நாற்காலியில் உட்கார வைத்துச் சால்வை போட்டான். அவள் அவனை "மவராசன்" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு பூப் போட்டுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஜெபத்தில் மன்னிக்கச் சொல்லும் இடம் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். பாதிரியாருக்கே தெரியும், கேட்பதில்லை.

போன மாசம் மாமா போய்ச் சேர்ந்தார். வயசு, நெஞ்சுவலி, தூக்கத்திலேயே. பிள்ளைகுட்டி இல்லை, இனி அந்தப் பக்கத்தில் சுடுவதற்கு ஆள் இல்லை. அவருக்காக நெஞ்சு வலிக்க அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவியதும் முதலில் பார்த்தது காலண்டரை. உன் நாளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று.

மேடையில் ஏறிக் கதை சொன்னால் யார் நம்புவார்கள்? தெலுங்குக்காரி மகள், ஆள் செத்த பிறகு சாட்சிக்குக் கூப்பிடுகிறாள் என்பார்கள். அதனால் அவனையே சாட்சி ஆக்குவது என்று முடிவு பண்ணினேன்.

இன்றைக்கும் மேகம் இல்லை. நல்ல வெயில். மணல் நடுவில் கம்பளம் விரித்து, உன் போட்டோ. வந்தவர்கள் எல்லோரும் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவனும் போட்டோக்காரர்களுக்காக ஷூவைக் கழற்றிக் கம்பளத்தின் ஓரம் வைத்திருந்தான். கற்பூரம் ஏற்றினான். மைக்கைப் பிடித்து, "முன்னறிவிப்பின்றி" என்றான். குரல் உடைந்தது. அந்த இடத்தில் வருஷா வருஷம் உடையும்.

பூப் போடும் வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. பையில் உன் செருப்பு. பூவைப் போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அன்று சொன்னதை அன்று சொன்ன மாதிரியே சொன்னேன்.

"சார், என் மாமா போன் பண்ணாரு. அணை கேட்ட தூக்கிட்டாங்களாம். தண்ணி வருது சார்."

அவன் என்னைப் பார்த்தான். மேற்கே ஆற்று வளைவைப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஓடினான்டி! வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பளத்தில் தடுக்கி, மைக் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஓடினான். உன் அம்மா நாற்காலியைச் சுற்றிக்கூடப் போகவில்லை, அவள் காலை மிதித்துக்கொண்டு போனான். ஒருத்தரையும் 'ஓடு' என்று சொல்லவில்லை. சுடுமணலில் வெறுங்காலோடு, கரைப் பாதையில் விழுந்து எழுந்து ஏறி, அந்தப் புளியமரத்தடியில் நின்ற காருக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டான். நான் வாழ்ந்ததற்கு அந்த ஓட்டத்தைப் பார்த்தது போதும். கண் இமைக்காமல் பார்த்தேன்.

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. உன் அம்மா மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "இன்னாம்மா சொன்னே அவர்கிட்ட?"

மைக் கீழே கிடந்தாலும் உயிரோடுதான் இருந்தது. எடுத்தேன். "அன்னிக்குக் காலையில சொன்னதையேதான் இன்னிக்கும் சொன்னேம்மா. அணையிலேருந்து என் மாமா போன் பண்ணாரு, தண்ணி வருதுன்னு. இவர்கிட்டதான் சொன்னேன். என்னைத் தோல் கிடங்குல போட்டுப் பூட்டிட்டு, ஜீப்ப மட்டும் மேல ஏத்தினாரு. இன்னிக்கு போன் எதுவும் வர்ல. மாமா செத்துட்டாரு."

உன் அம்மா மெதுவாகச் சொன்னாள். "அப்ப அவனுக்குத் தெரியும்."

அவ்வளவு வருஷம் 'அவர்' என்றவள் 'அவன்' என்றாள். சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். கம்பளத்தின் ஓரம் போய், அவன் விட்டுப்போன ஷூ இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். கரையைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மற்ற அம்மாக்கள். சண்டையில் பிள்ளையைக் கொடுத்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தான். காருக்குள் அவன் கண்ணாடியைத் தட்டிக் கத்துவது மணலிலிருந்தே தெரிந்தது. என்ன கத்துகிறான் என்று கேட்கவில்லை. கத்துவது யாருக்கும் கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

பாவம் என்று தோன்றவில்லை. தோன்றவும் வேண்டாம். உன்னைத் திருப்பிக் கொடுக்க முடியாதவனுக்கு நான் ஏன் எதையும் கொடுக்க வேண்டும்?

நான் மேலே போகவில்லை. காலியான மணலில், உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து, செருப்பைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். வரும்போது திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே விட்டுவர மனசு வரவில்லை. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை ஊருக்கு, எத்தனை பேருக்கு லைன் போட்டுக் கொடுத்த கை இது. உன் ஒரு போனை மட்டும் சேர்க்க முடியாமல் இத்தனை வருஷம் காதிலேயே வைத்திருந்தேன். இன்றைக்கு அந்த மணலில் வைத்து உனக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். மாமா சொன்னது இதுதான்:

"அந்தச் சொம்புப் பொண்ணுகிட்ட சொல்லு. அவ கேட்ட ஆறு வருது. எடுக்க இறங்க வேணாம்னு சொல்லு."